எரிச்சலுக்குக் காற்றும் காரணமா? மனநிலையையும் காற்று மாசையும் சேர்த்துக் கவனிக்க ஒரு வழிகாட்டி

போகி அன்று விடியற்காலையில் சென்னையில் கண்விழித்துப் பழகியவர்களுக்கு அந்தப் புகையின் வாடையை விவரிக்க வேண்டியதில்லை. பழைய பாயும் முறமும் எரிந்த காலம் போய் டயரும் பிளாஸ்டிக்கும் எரியத் தொடங்கிய பிறகு, பனியோடு சேர்ந்த புகை மேலே எழாமல் தரையை ஒட்டியே படிந்துகொள்கிறது. 2018ஆம் ஆண்டு போகியன்று ஓடுபாதை தெரியாத அளவுக்குப் புகைமூட்டம் சூழ்ந்ததால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது என்று எல்லோரும் சொல்வோம். அதே நாளில் பிள்ளைகள் மீது காரணமில்லாமல் எரிந்து விழுந்ததையும், பொங்கல் வேலையில் கை ஓடாமல் உட்கார்ந்திருந்ததையும் அந்தப் புகையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

அப்படிச் சேர்த்துப் பார்க்கப் பழகுவதற்காகவே இந்த வழிகாட்டி. சென்னையை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். நான் அறிந்த காற்று அதுதான். கடற்கரை இல்லாத ஊரில் இருப்பவர்கள் காற்று வீசும் நேரங்களைப் பற்றிய பகுதியை மட்டும் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொண்டால் போதும்.

காற்று மனத்தைத் தொடும் வழிகள்

பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களின் குறுக்களவு இரண்டரை மைக்ரானுக்கு மேல் இருக்காது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கின் மயிர்களிலும் சளியிலும் சிக்காமல் இவை நுரையீரலின் அடியாழம் வரை செல்கின்றன. அங்கே உடலின் தற்காப்பு அமைப்பு இவற்றை எதிரியாகக் கருதி அழற்சியை உண்டாக்குகிறது. அந்த அழற்சியின் வேதிச் செய்திகள் இரத்தத்தில் கலந்து மூளையை எட்டுகின்றன. காய்ச்சல் வரும் முன் உடம்பு அசந்து, யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுக்கத் தோன்றுமே, அதுவும் இதே வகைச் செய்திகளின் வேலைதான். மாசுள்ள நாளில் அதன் மிக மெல்லிய வடிவம் ஒன்று நமக்குள் நடக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் விளங்கும்.

இரண்டாவது வழி இன்னும் குறுகியது. மூக்கின் மேற்பகுதியில் இருக்கும் மணம் அறியும் நரம்பு நேராக மூளைக்குள் செல்கிறது. 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், மெக்சிகோ நகரத்திலும் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத் திசுவில், எரிபொருள் புகையில் உருவாவதைப் போன்ற உருண்டை வடிவக் காந்த இரும்புத் துகள்கள் காணப்பட்டன. இந்த நரம்பின் வழியாக அவை ஏறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

மூன்றாவது வழிக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூக்கடைத்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் பொறுமை இருக்காது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பைமேட்டுக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு, காற்று திசைமாறி வாடை வீட்டுக்குள் நுழையும்போதே மனம் சுருங்கிவிடுகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது சுற்றுவட்டாரத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அந்த அடைபட்ட உணர்வும், நம்மால் எதுவும் செய்ய முடியவில்லையே என்ற ஆற்றாமையும் துகள் எதுவும் மூளைக்குப் போகாமலேயே மனத்தை வாட்டக் கூடியவை.

சான்றுகள் எந்த அளவுக்கு உறுதியானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீனாவின் 144 நகரங்களில் மக்கள் சமூக ஊடகத்தில் எழுதிய 21 கோடிப் பதிவுகளை, அன்றன்றைய நுண்துகள் அளவோடு ஒப்பிட்டு 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. மாசு மிகுந்த நாள்களில் எழுத்தில் வெளிப்பட்ட மகிழ்ச்சி குறைந்திருந்தது, அதுவும் வார இறுதியிலும் விடுமுறையிலும் கூடுதலாகக் குறைந்திருந்தது. அதே ஆண்டு லண்டனிலிருந்து வந்த, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, நீண்டகாலம் சுவாசிக்கும் பி.எம். 2.5 கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது மனச்சோர்வுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டது. இவை தொடர்பைக் காட்டுகின்றனவே ஒழிய, உங்கள் இன்றைய வருத்தத்துக்கு இன்றைய காற்றுதான் காரணம் என்று சொல்லவில்லை. கடன், நோய், வீட்டுச் சண்டை ஆகியவற்றோடு ஒப்பிட்டால் காற்றின் பங்கு சிறியது. சிறியதானாலும் அது ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் படிகிறது என்பதுதான் அதைக் கவனிக்க வைக்கிறது.

எண்ணைச் சரியாகப் படிப்பது

முதல் வேலை, உங்கள் பகுதிக் காற்றின் அளவை அறிவது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் ஆலந்தூர், மணலி, வேளச்சேரி, அரும்பாக்கம், இராயபுரம், கொடுங்கையூர், பெருங்குடி போன்ற இடங்களில் உள்ள தானியங்கி நிலையங்களின் அளவுகள் கிடைக்கின்றன. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, நடுவில் மாற்றாமல் அதையே தொடர்ந்து பாருங்கள்.

இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் 50 வரை நன்று, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. இங்கே பலரும் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, இந்தக் குறியீட்டில் துகள்களுக்கான கணக்கு 24 மணி நேரச் சராசரி. காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் குப்பையைக் கொளுத்திய புகை அந்த எண்ணில் கரைந்து காணாமல் போய்விடும். ஆகவே குறியீட்டு எண்ணோடு நிறுத்தாமல், அதே பக்கத்தில் மணிவாரியாகக் காட்டப்படும் பி.எம். 2.5 அளவையும் பாருங்கள்.

மற்றொன்று, வெளிநாட்டுச் செயலிகள் அமெரிக்க அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. பி.எம். 2.5 கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் உள்ள ஒரே காற்று, இந்தியக் குறியீட்டில் 100 என்று வந்து ‘திருப்திகரம்’ ஆகும். அமெரிக்கக் குறியீட்டில் 150ஐத் தாண்டிச் சிவப்பாகும். ஒருவர் கைப்பேசியில் பச்சையும் அடுத்தவர் கைப்பேசியில் சிவப்பும் தெரிவதற்குக் காரணம் இதுதான். யாரும் பொய் சொல்லவில்லை. குழப்பம் வேண்டாமென்றால் குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராம் அளவையே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த 24 மணி நேர வரம்பு 15. இந்தியத் தரநிலையின் வரம்பு 60. இந்த இரண்டுக்கும் இடையில்தான் சென்னையின் பெரும்பாலான நாள்கள் கழிகின்றன. அந்த நாள்களில் அரசின் அளவுகோல்படி எந்தக் குறையும் இருக்காது. உடம்பு அதே கருத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முப்பது நாள் குறிப்பேடு

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். தினமும் இரவு ஒரே நேரத்தில், அன்றைய மனநிலைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் கொடுங்கள். எரிச்சலுக்குத் தனியாக ஒன்று, சோர்வுக்குத் தனியாக ஒன்று கொடுப்பது இன்னும் நல்லது. ஏனென்றால் சிலருக்குக் காற்று கெட்டால் கோபம் வருகிறது, சிலருக்குத் தூக்கமும் மந்தமும் வருகின்றன, இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்தால் எதுவும் தெரியாமல் போய்விடும்.

மதிப்பெண்ணை எழுதி முடித்த பிறகே காற்றின் அளவைப் பார்க்க வேண்டும் என்பது இதில் மீறக்கூடாத விதி. முதலில் செயலியைப் பார்த்து அது சிவப்பில் இருப்பதை அறிந்துகொண்டால், நம்மை அறியாமலே மனநிலைக்குக் குறைந்த மதிப்பெண் போட்டுவிடுவோம். நான் முதன்முறை இப்படிக் குறிப்பு எழுதியபோது இந்தத் தவற்றைத்தான் செய்தேன். இருபது நாள் எழுதியதை வீணென்று ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

காற்றின் அளவுக்குப் பக்கத்தில் வேறு சிலவற்றையும் எழுதுங்கள். முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், புழுக்கம் எப்படி இருந்தது, வீட்டிலோ அலுவலகத்திலோ சண்டை ஏதும் நடந்ததா, சம்பளத்துக்கு முந்தைய வாரமா, பெண்களாக இருந்தால் மாதவிடாய் நாள்களா என்பவை எல்லாம் வேண்டும். இவற்றில் வெப்பத்தைத்தான் முக்கியமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மே மாத எரிச்சலுக்குப் பெரும்பாலும் வெயிலும் புழுக்கமுமே காரணம். சென்னையில் அப்போது கடற்காற்று துகள்களை ஓரளவு கலைத்துவிடுகிறது. டிசம்பர் முடிந்து ஜனவரி வரும்போது நிலைமை தலைகீழாகிறது. உடம்புக்கு இதமான குளிர்ச்சி இருக்கும், ஆனால் காலையில் காற்று அசையாது. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மீது சற்றே சூடான காற்று மூடிபோல் படிந்துவிடுவதால், கீழே கிளம்பும் புகை கீழேயே தங்குகிறது. ஆகவே இந்தச் சோதனையை மழைக்காலம் ஓய்ந்த பிறகு, டிசம்பர் இறுதியில் தொடங்குவது நல்லது. போகியும் அதற்குள் வந்துவிடும்.

முப்பது நாள் முடிந்ததும், பி.எம். 2.5 மிக அதிகமாக இருந்த எட்டு நாள்களையும் மிகக் குறைவாக இருந்த எட்டு நாள்களையும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் மனநிலை மதிப்பெண்ணின் சராசரியைப் பாருங்கள். தூக்கம் கெட்ட நாள்களையும் சண்டை நடந்த நாள்களையும் நீக்கிவிட்டு மறுபடி ஒருமுறை பாருங்கள். அப்போதும் வித்தியாசம் நின்றால், உங்கள் உடம்பு காற்றுக்கு மசிகிற உடம்பு என்று ஓரளவு சொல்லலாம். வித்தியாசம் இல்லாவிட்டால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள். அதுவும் பயனுள்ள விடைதான். மாசு கூடிய நாளில் இல்லாமல் அதற்கு மறுநாள் மதிப்பெண் சரிகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

மாசு என்றால் சாலையிலும் ஆலையிலும் இருப்பது என்று நினைத்துக்கொண்டே, படுக்கையறையில் கொசுவர்த்திச் சுருளை ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறோம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. சுத்திகரிப்புக் கருவி வாங்கக் கடைக்குப் போகும் முன், சுருளை விட்டுக் கொசுவலைக்கு மாறுங்கள். செலவும் குறைவு, பலனும் அன்றிரவே தெரியும். சாம்பிராணியும் ஊதுபத்தியும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி யாருடைய வெள்ளிக்கிழமையையும் கெடுக்க மாட்டேன். ஜன்னலைத் திறந்துவைத்து ஏற்றுங்கள், தொட்டில் குழந்தையும் ஆஸ்துமா உள்ளவரும் இருக்கும் அறையில் மட்டும் ஏற்ற வேண்டாம்.

சமையலறையில் மிளகாய் தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறவர்கள் அப்பளம் பொரிக்கும்போது போடுவதில்லை. இருமல் வந்தால்தான் புகை என்று நினைக்கிறோம். அடுப்பை ஏற்றும் முன்பே அதைப் போட்டு, அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எரிவாயு அடுப்பிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடைக் கண்ணும் மூக்கும் பெரும்பாலும் உணர்வதில்லை. மூடிய அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ ஓடும்போது தலைவலியும் குமட்டலும் குழப்பமும் வந்தால் அதை மனநிலை என்று எண்ணிக் குறிப்பேட்டை எடுக்காதீர்கள். அது கார்பன் மோனாக்சைடு நஞ்சாக இருக்கக்கூடும். எல்லோரும் உடனே வெளியேறி, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஜன்னலை எப்போது திறப்பது என்பதற்குக் கடல் வழிகாட்டுகிறது. குளிர்கால விடியலில், சாலைப் புகையும் பனியும் கலந்திருக்கும் நேரத்தில் சாலை பார்த்த ஜன்னல்களைச் சாத்தி வைத்து, வெயில் ஏறிக் காற்று அசையத் தொடங்கிய பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும் நேரம் வீட்டைக் கழுவிவிடுகிற நேரம். நாள் முழுவதும் அடைத்தே வைப்பது தவறு. அடைபட்ட அறையில் மூச்சுக்காற்றே தேங்கித் தலை கனக்கும், அந்தக் கனத்தையும் மாசின் கணக்கில் எழுதிவிடுவோம்.

காற்றுச் சுத்திகரிப்புக் கருவி மனநிலைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு ஷாங்காய் ஆய்வைச் சொல்லலாம். 2017இல் வெளியான அந்த ஆய்வில், 55 கல்லூரி மாணவர்களின் விடுதி அறைகளில் ஒன்பது நாள் உண்மையான கருவியையும் வேறு ஒன்பது நாள் வடிகட்டி இல்லாத வெற்றுக் கருவியையும் வைத்தார்கள். வெற்றுக் கருவி ஓடிய நாள்களில், அதாவது மாசு கூடியிருந்தபோது, கார்டிசால், அட்ரினலின் போன்ற மன அழுத்தத்தோடு தொடர்புள்ள ஹார்மோன்கள் உடலில் அதிகமாக இருந்தன. இது மகிழ்ச்சியை அளந்த ஆய்வு அன்று. ஆனாலும் உடம்பு பதற்றத்துக்குத் தயாராகிற நிலையை மாசு தூண்டுகிறது என்பதற்கு நல்ல சான்று.

கருவி வாங்குவதானால் விளம்பரத்தை விட்டுவிட்டு, அது ஒரு மணி நேரத்தில் எத்தனை கனமீட்டர் தூய காற்றைத் தருகிறது என்ற எண்ணை மட்டும் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற வேண்டுமென்றால் 170 கனமீட்டர் வேண்டும். நுண்துகளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி இருக்கட்டும். ஓசோன் வெளிவிடும் கருவி வேண்டாம், அது தானே ஒரு மாசு. வீடு முழுவதற்கும் ஒன்று என்று கூடத்தில் வைப்பதைக் காட்டிலும், நாளில் எட்டு மணி நேரம் கழியும் படுக்கையறையில் வைப்பதே சரி.

வெளியே செல்லும்போது

நடைப்பயிற்சி மனத்துக்கு நல்ல மருந்து என்பதால், காற்றுக்குப் பயந்து அதை நிறுத்துவது பெரும்பாலான நாள்களில் நட்டக் கணக்காகவே முடியும். இடத்தையும் நேரத்தையும் மாற்றினால் போதும். பிரதான சாலையின் ஓரத்தில் நடப்பதற்கும் ஒரு தெரு உள்ளே தள்ளி நடப்பதற்கும் வாகனப் புகையில் கணிசமான வித்தியாசம் உண்டு. ஜனவரியில் காலை ஐந்தரை மணி நடையை எட்டு மணிக்குத் தள்ளலாம், அல்லது மாலையில் கடற்கரைப் பக்கம் போகலாம். தமிழ்நாட்டில் தீபாவளிப் பட்டாசுக்கு அனுமதிக்கப்படும் நேரம் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு. அந்த நேரங்களையும் அதற்குப் பிந்தைய சில மணி நேரத்தையும் விட்டு நடப்பது நல்லது.

பேருந்து நிறுத்தத்திலும் இருசக்கர வாகனத்திலும் அதிக நேரம் கழிப்பவர்களுக்கு என்95 முகக்கவசம் உதவும், அதுவும் கன்னத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தினால் மட்டும். துப்பட்டாவும் கைக்குட்டையும் தூசியை மறிக்கும், நுண்துகளை மறிக்காது. மணலி, எண்ணூர்ப் பக்கம் வரும் வாயு வாடைக்கு என்95ஆலும் பயனில்லை. அது துகளை வடிகட்டுமே தவிர வாயுவைத் தடுக்காது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு ஓட நேர்ந்தது. அப்படியொரு இரவைக் கண்டவர்களுக்குப் பிறகு மெல்லிய வாடை வந்தாலும் நெஞ்சு படபடப்பது பலவீனம் அன்று. அவர்களிடம் போய் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

மோசமான நாள் என்று தெரிந்துவிட்டால் அன்றைய வேலைகளை அதற்கேற்ப அடுக்கிக்கொள்ளலாம். வீட்டு மனைப் பேச்சு, சம்பந்தம் பேசுவது, பிள்ளையின் மதிப்பெண் அட்டையைப் பிரிப்பது போன்ற சூடேறக்கூடிய விஷயங்களை இரண்டு நாள் ஒத்திவைத்தால் நட்டமில்லை. வீட்டில் உள்ளவர்களிடம் “இன்னைக்குக் காத்து சரியில்லை, எனக்கும் மனசு சரியில்லை” என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவைப்பது சில சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது. இதற்கு என் வீடே சாட்சி. ஆனால் பேசியது தவறென்றால் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். நுண்துகளைக் காரணம் காட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

தெருவில் குப்பை எரிவதைக் கண்டால் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொல்லலாம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடைசெய்தன; அதே ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு 5,000 ரூபாய் அபராதமும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் விதிக்க உத்தரவிட்டது. புகார் எண்ணையும் தேதியையும் அதே குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். கையாலாகாத உணர்வு கொஞ்சம் குறைவதோடு, அடுத்த முறை பேசும்போது ஆதாரமும் கையில் இருக்கும்.

எப்போது குறிப்பேட்டை மூடிவைக்க வேண்டும்

காற்று நன்றாக இருந்த நாள்களிலும் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மனம் கனத்தே இருந்தால், பிடித்த வேலைகளிலும் பிடிப்பு இல்லாமல் போனால், உறக்கமும் பசியும் மாறிவிட்டால், மாசைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மாசு மிகுந்த நாள்களில் மாத்திரையைத் தாங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டினால், தேதிகளோடு எழுதப்பட்ட அந்தப் பக்கங்கள் அவருக்கு உண்மையிலேயே உதவும். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416; தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல், அன்றே அந்த எண்ணுக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும், முடிந்தவரை துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு.